கள்ளியின் முள்ளைக் களைந்தவர்

கள்ளி என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் கற்றோர் நெஞ்சிலே பாலைத்திணை தோன்றும். பொருள் தேடப் பிரிந்த தலைவன் கடந்துசெல்லும் வெஞ்சுரத்திலே, நிழலற்ற நெடுவழியின் இருமருங்கும் நிற்பது கள்ளி. ஆயின், சங்கப் புலவர் கண்ட கள்ளி வேறு. இன்று வேலியோரங்களிலும் கடற்கரை மணற்பரப்பிலும் நாகதாளி என்றும் சப்பாத்திக்கள்ளி என்றும் நாம் வழங்கும் செடி வேறு. முன்னையது கிள்ளினாற் பால் சொரிவது. தென்னகத்துக்கும் ஈழத்துக்கும் தொன்றுதொட்டு உரியது. பின்னையது அமெரிக்கக் கண்டத்திற் பிறந்தது. கொலம்பசின் கடற்பயணத்துக்குப் பின்னரே கப்பலேறிக் கீழைநாடுகளை அடைந்தது. தூண்போல் நெடிதுயர்ந்து நிற்பனவும், குடம்போற் பருத்துக் கிடப்பனவும், மடல்மேல் மடலாக அடுக்கி வளர்வனவுமாக அச்செடிக் குடும்பத்திலே ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் உள. உருவத்தால் வேறுபட்ட அவற்றுட் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவாயமைந்தது முள்.

அந்த முள்ளை அகற்றிவிட்டால் வறண்ட நிலமே மேய்ச்சல் நிலமாகிவிடும். பஞ்சகாலத்தில் மாளும் கால்நடைகள் பிழைக்கும். மனிதருக்கும் இனிய பழம் கிட்டும். இவ்வாறு கனவு கண்டு, அக்கனவுக்குத் தம் வாழ்நாளின் செழும்பகுதியை ஈந்தவர் லூதர் பேர்பாங்க். அமெரிக்க மக்கள் எடிசன் பெயரோடு சேர்த்துப் போற்றிய பெயர் அவருடையது. அவருடைய வெற்றி யாது, தோல்வி யாது என்று பிரித்துக் காண்பது எளிதன்று. ஆயினும் அவ்வாறு பிரித்துக் காண முயல்வோர்க்கே அவர் வாழ்க்கை பயன் தருவதாகும்.

இளமையும் முதற்பேறும்

பேர்பாங்க் 1849ஆம் ஆண்டு மார்ச் மாதம் 7ஆம் நாள் மசச்சூசெற்ஸ் மாநிலத்து லங்காஸ்டர் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் பயிர்த்தொழிலோடு செங்கல் அறுக்கும் தொழிலும் செய்தவர். மூன்று முறை மணம் புரிந்த அவருக்குப் பதின்மூன்றாவது பிள்ளையாக வந்தவர் லூதர். ஊர்ப் பள்ளியிலே பயின்றதற்கு மேலாகக் கல்லூரிப் படிப்பு அவருக்கு வாய்க்கவில்லை. தொழிற்சாலை ஒன்றிற் சிலகாலம் வேலை செய்தார். 1868இலே தந்தையார் இறந்தார். அதே ஆண்டிலேதான், மனிதன் வளர்க்கும் விலங்குகளும் செடிகளும் மாறுபடும் முறை பற்றி டார்வின் எழுதிய பெருநூல் வெளிவந்தது. அந்நூலைக் கற்றபின், செடியின் இயல்பு என்றும் மாறாத ஒன்றன்று, மனிதன் கைபட்டு மாறத்தக்கதே என்னும் எண்ணம் அவருள்ளத்தில் வேரூன்றியது. தந்தையார் விட்டுச்சென்ற சிறு பங்கைக் கொண்டு பதினேழு ஏக்கர் நிலம் வாங்கிக் காய்கறிப் பயிர் செய்யலானார்.

1872இலே அவருடைய உருளைக்கிழங்குப் பாத்தியில் ஒரு செடி காய்த்தது. கிழங்கை நட்டே பயிராக்கும் அச்செடியில் விதைக்காய் தோன்றுவது அருமை. முதிரும்வரை காத்திருந்த அக்காய் ஒருநாள் காணாமற் போயிற்று. மண்ணையும் செடிகளின் அடியையும் துருவித் தேடி அதனை அவர் மீண்டும் கண்டெடுத்தார். அதனுள் இருபத்துமூன்று விதைகள் இருந்தன. அவற்றை முளைக்க வைத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு வகைக் கிழங்கைத் தந்தது. அவற்றுள் ஒன்று, அதுகாறும் அப்பகுதியார் கண்டிராத அளவுக்குப் பருத்தும் மிகுந்தும் விளைந்தது. அதனை விதை வணிகர் ஒருவருக்கு 150 டொலருக்கு விற்றார். தமக்கென வைத்துக்கொண்டவை பத்துக் கிழங்குகள் மாத்திரமே. அவற்றோடு 1875இலே அமெரிக்காவின் மேற்குக்கரைக்குச் சென்று, கலிபோர்னியாவிலுள்ள சாந்தா ரோசா என்னும் சிற்றூரிற் குடியேறினார். அன்று அவர் விற்ற கிழங்கின் வழிவந்த வகையே இன்று வட அமெரிக்காவிற் பெருமளவிற் பயிராகின்றது.

கண் என்னும் கருவி

சாந்தா ரோசாவில் முதற் சில ஆண்டுகள் வறுமையிலே கழிந்தன. 1881இலே வங்கி முதலாளி ஒருவர், உலர்த்தி உண்ணும் பிளம் வகையில் 20,000 கன்றுகள் அவ்வாண்டு முடிவதற்குள் வேண்டும் எனக் கேட்டார். பிளம் விதையை ஊன்றினால் அக்காலத்துள் கன்றாகாது. எனவே, வெம்மையிலே விரைவில் முளைக்கும் வாதுமை விதைகளை மணலில் ஊன்றினார். அவை வளர்ந்ததும் பிளம் அரும்புகளை அவற்றிலே ஒட்டவைத்தார். கேட்ட கன்றுகளிற் பெரும்பாலானவற்றைக் குறித்த தவணையிற் கொடுத்தும் விட்டார். அன்றுதொட்டு அவர் பெயர் பரவலாயிற்று. 1885இலே யப்பானிலிருந்து பிளம் கன்றுகளைத் தருவித்தார். அவற்றின் வழியாகவும் கலப்பினாலும் தோன்றிய பிளம் வகைகள் கலிபோர்னியாவின் பழத்தோட்டங்களையே மாற்றி அமைத்தன. ஐரோப்பியச் சாமந்தி வகைகளை யப்பானிய வகையோடு கலந்து, 1901இலே சாஸ்தா என்னும் வெண்மலரை உலகுக்கு அளித்தார்.

அவருடைய முறை சொல்வதற்கு எளிது; செய்வதற்கு அரிது. தூர தேசங்களிலிருந்து செடிகளைத் திரட்டுவார். ஒன்றன் மகரந்தத்தை மற்றொன்றன் சூல்முடியில் இடுவார். பிறந்த விதைகளை ஆயிரக்கணக்கில் முளைக்க வைப்பார். பின்னர் வரிசைகளூடே விரைந்து நடந்து, தாம் விரும்பும் கன்றுகளுக்கு மாத்திரம் வெள்ளைத் துணித்துண்டுகளைக் கட்டுவார். எஞ்சியவை யாவும் வேரோடு பிடுங்கப்பட்டு எரியூட்டப்படும். ஒருமுறை 65,000 கலப்பின முட்பழச் செடிகளை அவ்வாறு ஒரே குவியலாக்கி எரித்தார். இளங்கன்றின் இலையையும் தண்டையும் கண்ட அளவிலே, அது பின்னாளில் தரப்போகும் கனியின் இயல்பை உய்த்துணரும் ஆற்றல் அவருக்கு இருந்ததென்று உடனிருந்து கண்டோர் வியந்தனர். ஒருவகையில் அதுவே அவருடைய ஆய்வுகூடம். அதனைப் பிறருக்குக் கற்பிக்க இயலாதிருந்ததே அவருடைய குறையுமாயிற்று.

கள்ளியோடு பட்ட பாடு

இந்தப் பயிற்சியோடுதான் அவர் கள்ளியிடம் வந்தார். அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிக்கோவிலும் மழை பொய்த்த ஆண்டுகளில், மேய்ச்சற்காரர் கள்ளி மடல்களின் முள்ளைத் தீயாற் பொசுக்கி மாடுகளுக்கு இடுவதுண்டு. மடலில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் நீரே. பகலிலே தன் நுண்துளைகளை மூடிவைத்து, இரவின் குளிர்ச்சியிலே திறந்து காற்றை உட்கொள்ளும் இயல்பினது அச்செடி; ஆதலாற் பிற பயிர்கள் கருகும் நிலத்திலும் அது நீரைச் சேமித்து வாழ்கின்றது. இத்துணை நன்மையையும் முள் ஒன்றே மறித்து நிற்கின்றது. மடலின் ஒவ்வொரு கண்ணிலும் இருவகைப் பகை உண்டு. ஒன்று, கண்ணுக்குத் தெரியும் நெடுமுள். மற்றது, கொத்தாய் அடர்ந்த நுண்சுணை. நெடுமுள்ளினும் சுணையே கொடியது. மயிரினும் மெல்லிதாய், பின்னோக்கிய கொக்கிகளோடு தோலிற் புகுந்தால் எளிதில் வெளிவராது.

முள்ளற்ற கள்ளி உலகில் முன்பே இருந்தது. மெக்சிக்கோவின் பழங்குடியினர் பழத்துக்காகவும் மடலுக்காகவும் பன்னெடுங்காலம் தேர்ந்து வளர்த்த வகைகளுள் முள் அருகியவை பல. அவை ஸ்பானியரோடு கடல்கடந்து மத்தியதரைக் கடல் நாடுகளிலும் வேரூன்றியிருந்தன. ஆயினும் நெடுமுள் இல்லாதவற்றிற் சுணை இருந்தது. மென்மையானவற்றுக்குக் குளிரைத் தாங்கும் வலிமை இல்லை. வலிமையுடையன முள் நிறைந்திருந்தன. இந்நற்பண்புகள் யாவும் ஒரே செடியிற் கூடவேண்டும் என்பதே பேர்பாங்கின் நோக்கம். மெக்சிக்கோவிலிருந்தும் மத்தியதரைக் கடற்கரைகளிலிருந்தும் மடல்கள் வந்தன. அயல்நாட்டுச் செடிகளைத் திரட்டும் அரசாங்க அலுவலகத்தை நடத்திய டேவிட் ஃபெயர்சைல்டும் அவருக்குச் சில வகைகளை அனுப்பிவைத்தார்.

பூக்கும் பருவத்திலே வேலை மும்முரமாகும். நாகதாளிப் பூவின் நடுவே கேசரங்கள் நூற்றுக்கணக்கில் நெருங்கி நிற்கும்; தொட்டால் அவை உள்நோக்கி வளையும். அவற்றின் மகரந்தத்தைத் தட்டத்தில் உதிர்த்தெடுத்து, வேறொரு செடியின் சூல்முடியில் தேனீக்கள் வந்து தீண்டுமுன் இடவேண்டும். பழம் முதிர்ந்ததும் விதையெடுத்து ஊன்றினால், ஒரே பழத்தின் பிள்ளைகள் பலவாறு பிரியும். சில வழவழப்பாக இருக்கும். சில தாய்தந்தையரினும் கொடிய முள்ளோடு எழும். நல்லதொன்று கிடைத்துவிட்டால் மாத்திரம் கவலை இல்லை. அதன் மடலை வெட்டி மண்ணிற் பதித்தால் அது தாயின் இயல்பு மாறாமல் வேர்கொண்டு தழைக்கும். ஆனால் அந்த ஒன்றைக் காண ஆயிரங்களைக் கையாற் புரட்டவேண்டியிருந்தது. கோடைதோறும் அவருடைய கைகளிலும் முகத்திலும் சுணை நிறைந்தது. பிடுங்கி மாளாதபோது சவரக்கத்தியாலோ உப்புத்தாளாலோ தோலோடு சேர்த்து மழித்துவிடுவார் என்பது அவரே பதிந்துவைத்த செய்தி. தாம் செய்த பணிகள் அனைத்திலும் இதுவே தம்மை மிக வருத்தியதென்றும் அவர் கூறியதுண்டு.

பதினைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பின் முடிவில், 1907இலே தம் புதிய கள்ளிகளைப் பட்டியல் அச்சிட்டு அறிவித்தார். வந்து பார்ப்போர் முன்னிலையில் மடலை எடுத்துத் தம் கன்னத்திலே தேய்த்துக் காட்டுவார். அக்காட்சியைக் கண்டபின் ஐயுறுவோர் யார்? பாலைவனம் பால்சொரியும் நாள் வந்துவிட்டதென்று பத்திரிகைகள் முழங்கின. தெற்கு நாடுகளில் விற்கும் உரிமையை அவுஸ்திரேலியர் ஒருவர் பெற்றார். கள்ளிப் பண்ணைக்கென்றே தோன்றிய கம்பனி ஒன்று 27,000 டொலர் கொடுத்தது. முன்னைய ஆண்டில், 1906 ஏப்ரல் 18ஆம் நாள் நிகழ்ந்த பூகம்பத்தில் சாந்தா ரோசா நகரம் பாழாகியும், அவருடைய கண்ணாடி வீடு கேடின்றித் தப்பியிருந்தது. மக்கள் அவரை மந்திரவாதி என்று அழைத்தனர். அப்பெயரை அவர் விரும்பவில்லை. ஆயினும் அது ஒட்டிக்கொண்டது.

எழுதாத ஏடு

புகழ் உச்சியில் நின்ற அக்காலத்திலேயே அறிவியலார் ஐயமும் தொடங்கிற்று. மெண்டலின் மரபு விதிகள் 1900இலே மீண்டும் கண்டறியப்பட்டிருந்தன. அவ்விதிகளை மீட்டோருள் ஒருவரான ஒல்லாந்து அறிஞர் ஹியூகோ டி வ்ரீஸ் 1904இலே சாந்தா ரோசாவுக்கு வந்து, பேர்பாங்கின் தோட்டத்தைக் கண்டு வியந்தார். மறு ஆண்டு, வாஷிங்டனிலுள்ள கார்னகி நிறுவனம் ஆண்டுக்கு 10,000 டொலர் வீதம் அவருக்கு நன்கொடை வழங்கலாயிற்று. கைம்மாறாக அது கேட்டது ஒன்றே: அவர் செய்முறைகள் யாவும் முறைப்படி பதிவாகவேண்டும். அப்பணிக்கு ஜோர்ஜ் ஷல் என்னும் இளம் தாவரவியலாளர் அனுப்பப்பட்டார். பின்னாளிற் கலப்பினச் சோள ஆராய்ச்சியாற் பெரும்புகழ் எய்தியவர் அவர்.

ஷல் கேட்டவை எளிய வினாக்கள். இச்செடியின் தாய் யாது? தந்தை யாது? எத்தனை விதை முளைத்தன? எத்தனை முள்ளோடு வந்தன? விடைகள் பேர்பாங்கின் குறிப்பேட்டிற் பெரும்பாலும் இல்லை. நினைவில் இருந்தவையும் தெளிவாக இல்லை. பயனற்றவற்றை எரித்துவிடுபவருக்கு அவற்றின் தொகை எதற்கு? விளைவே அவருக்கு வேண்டியது. வழியைக் கணக்கிடுவது நேரக்கேடாகத் தோன்றியது. மெண்டலின் கணக்கிலும் அவர் மனம் ஈடுபடவில்லை. சூழலின் தாக்கம் செடியிற் பதிந்து வழிவழியாகத் தொடரும் என்றே இறுதிவரை நம்பினார். நன்கொடை 1909உடன் நின்றது. ஷல் தொகுத்த அறிக்கையை நிறுவனம் வெளியிடவில்லை.

அதே நிறுவனம் சில ஆண்டுகளின் பின் பிரிட்டன், ரோஸ் என்னும் தாவரவியலாளர் இருவரின் கள்ளி ஆராய்ச்சிக்குப் பொருள் உதவிற்று என்பது ஒப்புநோக்கற்பாலது. அரிசோனாவிலே தூணென நிமிர்ந்து நிற்கும் சகுவாரோ என்னும் பெருங்கள்ளிக்கு, 1908இலே கார்னகியின் பெயரையே தாவரவியற் பெயராகச் சூட்டியவர்கள் அவர்கள். காடுமேடெல்லாம் திரிந்து கள்ளிகளைத் திரட்டி, ஒவ்வொன்றையும் இனங்கண்டு பெயரிட்டு, 1919 முதல் 1923 வரை நான்கு பெருந்தொகுதிகளாக வெளியிட்டனர். அவர்கள் புதிதாக ஒரு செடியையும் படைக்கவில்லை. ஆனால் அவர்கள் எழுதிவைத்ததைப் பின்வந்தோர் திருத்தவும் வளர்க்கவும் முடிந்தது. பேர்பாங்க் படைத்தார், எழுதிவைக்கவில்லை. அவருடைய கள்ளிகளிற் பலவற்றின் பெற்றோர் எவை என்பதை இன்று உறுதியாகக் கூறுவார் இலர்.

நம்பிக்கை வணிகமானபோது

எதிர்ப்புக் குரலும் எழுந்தது. விவசாயத் திணைக்களத்திலே கள்ளி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த டேவிட் கிரிஃபித்ஸ், முள்ளற்ற வகைகள் புதுமையல்ல என்றும், அவை உறைபனியைத் தாங்கா என்றும், பாலையிலே பேணுவாரின்றி வளரமாட்டா என்றும் எடுத்துரைத்தார். அவர் கூற்றில் உண்மை மிகுதியாக இருந்தது. முள் என்பது கள்ளிக்கு இறைவன் சூட்டிய வீண் அணியன்று. அதுவே அதன் வேலி. வேலியை இழந்த செடியை மாடு மாத்திரமா தின்னும்? முயலும் எலியும் காட்டு விலங்கும் இளமடலிலேயே கடித்து முடித்துவிடும். ஆதலால் முள்ளற்ற கள்ளியைப் பயிரிட முள்ளுக்கம்பி வேலி வேண்டியதாயிற்று. நட்ட மடல் வேரூன்றி மேயத் தகுதிபெறச் சில ஆண்டுகள் சென்றன. அக்காலத்திலே நீரும் வேண்டியிருந்தது. மடலிற் புரதமும் குறைவு. அதனை மாத்திரம் தின்று கால்நடை கொழுக்காது.

1912இலே, அவருடைய செடிகளை விற்கும் உரிமையோடு அவர் பெயரையே தாங்கிய கம்பனி ஒன்று தோன்றியது. பங்குகள் விரைந்து விலைபோயின. கள்ளி மடல் கேட்டு வந்த ஓலைகளுக்கு ஈடாகச் செடி இல்லாதபோது, அக்கம்பனியார் சாதாரண முட்கள்ளியின் முள்ளைச் சுரண்டிவிட்டு அனுப்பினர் என்று சொல்லப்படுகின்றது. வாங்கியவர் நட்ட மடல் துளிர்த்தபோது, துளிரோடு முள்ளும் எழுந்தது. நான்கு ஆண்டுகளுள் அக்கம்பனி முறிந்தது. பேர்பாங்க் அதன் நடப்பிலே பங்குகொண்டவர் அல்லர். தமக்கு வரவேண்டிய பணத்திலும் பெரும்பகுதியை இழந்தார். ஆயினும், மடலைக் கன்னத்திலே தேய்த்து நின்ற அவருடைய படத்தை நம்பியே ஏழை எளியவர்கள் காசு கொடுத்தார்கள். பட்டியலில் அவர் எழுதிய அளவிறந்த புகழுரைகள் கம்பனியார் எழுதியவை அல்ல. தம் சொல்லுக்கு மக்களிடமிருந்த மதிப்பை அவர் நன்கறிவார். அச்சொல்லை அளந்து வழங்கியிருக்கலாம். அவர் வரலாற்றைப் படிப்போர் இவ்விடத்தைக் கடந்துசெல்லல் ஆகாது.

அந்திக்காலம்

தோல்வியினால் அவர் தோட்டத்தை விட்டாரல்லர். 1915இலே எடிசனும் ஹென்றி ஃபோர்டும் அவரைத் தேடிவந்து கண்டனர். முதல் மணம் கசப்பில் முறிந்திருந்தது. 1916இலே எலிசபெத் வோட்டர்ஸ் என்பாரை மணந்தார். பிள்ளைகள் இல்லை. இந்தியாவிலிருந்து சென்ற பரமஹம்ச யோகானந்தர் அவரோடு நட்புப் பூண்டார். முள்ளற்ற கள்ளியை உருவாக்கிய காலத்திலே செடிகளோடு அன்பாகப் பேசி, அவற்றைக் காக்கத் தாம் இருப்பதாகக் கூறி, முள் இனி வேண்டாம் என்று தேற்றிவந்ததாகப் பேர்பாங்க் தம்மிடம் தெரிவித்ததாக யோகானந்தர் எழுதுகின்றார். 1946இலே வெளிவந்த தமது சுயசரிதத்தை அவர் பேர்பாங்கின் நினைவுக்கே உரிமையாக்கினார். கன்றுகளை ஆயிரக்கணக்கில் எரித்தவரும் செடியோடு பேசியவரும் ஒருவரே.

1926ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே, மறுமை பற்றிய தம் ஐயங்களை அவர் பத்திரிகை ஒன்றுக்கு வெளிப்படையாகக் கூறினார். கண்டனக் கடிதங்கள் மலைபோற் குவிந்தன. அவற்றுக்கு விடையெழுத முயன்றே உடல் தளர்ந்தார் என்பர். அவ்வாண்டு ஏப்ரல் 11ஆம் நாள் காலமானார். தம் தோட்டத்திலே தாம் நட்ட லெபனோன் தேவதாருவின் அடியிற் புதைக்கப்பட்டார்.

முள்ளின் பிற்கதை

அவர் மறைந்த அதே 1926இலே, கள்ளியின் கதை கீழைநாடுகளில் வேறொரு திசையிற் சென்றுகொண்டிருந்தது. இலங்கையிலே தறிகெட்டுப் பரவிய நாகதாளியை அழிக்க 1924இலே கொச்சினீல் வகைப் பூச்சி ஒன்று கொணரப்பட்டிருந்தது. 1926இலே அப்பூச்சி இங்கிருந்து தென்னிந்தியாவுக்குச் சென்றது. அவுஸ்திரேலியாவிலே 6 கோடி ஏக்கர் நிலத்தைக் கவர்ந்துகொண்ட முட்கள்ளியை ஒழிக்க, அவ்வாண்டிலேயே கள்ளியைத் துளைத்துண்ணும் விட்டிற் புழுவை விடத் தொடங்கினர். ஓரிடத்தில் வரமென்று வளர்த்ததை மற்றோரிடத்திற் சாபமென்று அழிக்க நேர்ந்தது.

எனினும் முள்ளற்ற கள்ளி வீண்போகவில்லை. தென்னாபிரிக்காவின் வறண்ட கரூ நிலத்திலே பேர்பாங்கின் வகைகள் வேரூன்றின. பிரேசிலின் வடகிழக்கிலும் வட ஆபிரிக்காவிலும் முள்ளற்ற கள்ளி இன்று வறட்சிக்காலத் தீவனமாகின்றது. இந்தியாவின் வறண்ட பகுதிகளிலும் அதனை நட்டுப் பார்க்கின்றனர். தனியுணவாக அன்று, வைக்கோலோடும் பிற தீவனத்தோடும் கலந்து, வேலிக்குள்ளே பேணி வளர்த்தால் அது பயன்தரும் என்பது இப்போது தெளிவு. அவர் கண்ட கனவிலே பாதி பலித்தது. பலித்த பாதியும் அவர் சொன்ன வழியில் வரவில்லை.

தென்னாபிரிக்காவில் இன்னுமொன்றும் கண்டனர். முள்ளற்ற கள்ளியின் பழத்தைப் பறவையும் விலங்கும் உண்டு, விதையைக் காட்டிலே சிந்தின. பேணுவாரற்ற அவ்விடங்களில் தலைமுறைகள் செல்லச் செல்ல முள் மீண்டும் தலைகாட்டியது. மடலால் வளர்ந்தவரை மனிதன் தேர்ந்த குணம் நின்றது. விதையால் வளர்ந்தபோது செடி தன் பழைய வேலியைத் தானே கட்டிக்கொண்டது. எத்தனை விதைக்கு எத்தனை முள் என்று ஷல் கேட்ட வினாவுக்குச் செடியே விடையளித்துவிட்டது.

பேர்பாங்க் அளித்த செடிவகைகள் எண்ணூறுக்கு மேல் என்பர். 1930இலே புதுச்செடி படைத்தோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியபோது, அவர் உழைப்பே சான்றாகக் காட்டப்பட்டது. அவர் பிறந்த நாளைக் கலிபோர்னியா மர நடுகை நாளாகக் கொண்டாடுகின்றது. சாந்தா ரோசாவில் அவருடைய தோட்டம் பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றது. அங்கே முள்ளற்ற கள்ளிகளும் நிற்கின்றன. அவற்றைக் காணும் மாணவர் இரண்டைக் கற்றுக்கொள்ளலாம். சுணை தைத்த கையோடு பதினைந்து ஆண்டுகள் ஒரே பணியில் நின்ற பொறுமை ஒன்று. அப்பொறுமையிலே ஒரு சிறு பங்கைக் குறிப்பேட்டுக்கும் கொடுத்திருந்தால், அவருடைய கண் அறிந்ததைப் பின்வந்தோரும் அறிந்திருப்பர் என்பது மற்றொன்று.